கற்பனைப் பயணத்துக்குத் துணைப் படைப்பு தேர்ந்தெடுப்பது எப்படி? எச்.எஸ்.சி. ஆங்கிலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதுவது எச்.எஸ்.சி. தேர்வு. 2004 முதல் 2008 வரை அதன் ஆங்கில முதல் தாளுக்கு ‘பயணங்கள்’ என்பதுதான் பொதுத் தலைப்பு. உடலால் போகும் பயணம், கற்பனைப் பயணம், அகப் பயணம் என்று அதில் மூன்று பிரிவுகள் இருந்தன. மூன்றில் வழுக்கலானது கற்பனைப் பயணம். மற்ற இரண்டிலும் எதைத் தேடுகிறோம் என்பது ஓரளவு தெரியும். இதிலோ மாயாஜாலக் கதை எதைப் பார்த்தாலும் பொருந்துவது போலவே தோன்றும்.

2009இல் தலைப்பு ‘பிலாங்கிங்’ ஆனது, 2015இல் ‘டிஸ்கவரி’ ஆனது, 2019இலிருந்து மனித அனுபவங்கள் பற்றிய பொதுப் பாடம் வந்துவிட்டது. பாடப் படைப்போடு ஒப்பிட மாணவர் தாமே தேடி எடுக்கும் படைப்புதான் துணைப் படைப்பு. இப்போது முதல் தாளில் அதைக் கேட்பதில்லை. ஆனால் பள்ளி உள்மதிப்பீட்டில் கேட்கிறார்கள். பிள்ளைகள் வாயில் ‘ரிலேட்டட் டெக்ஸ்ட்’ என்று புழங்குவது இதுதான். தலைப்பு எது வந்தாலும் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான் என்பதால், நன்றாகத் தெரிந்த பழைய கற்பனைப் பயணத் தாளையே எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், கணக்கு

அந்தத் தாளுக்கு இரண்டு மணி நேரம், வாசிக்கத் தனியாகப் பத்து நிமிடம். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 15 மதிப்பெண். முதல் பகுதியில் முன்பின் பார்க்காத பக்கங்களுக்குச் சிறு பதில்கள், இரண்டாவதில் சொந்தமாக ஓர் ஆக்கம், மூன்றாவதில் கட்டுரை. கட்டுரைக்கு மூன்று வகைப் படைப்புகள் வேண்டியிருந்தன: பள்ளியில் நடத்திய பாடப் படைப்பு, தேர்வு வாரியம் கொடுத்த ‘ஸ்டிமுலஸ் புக்லெட்’ என்ற சிறு தொகுப்பிலிருந்து ஒன்று, அப்புறம் நீங்களே தேடி எடுத்தது ஒன்றாவது.

ஆக, கட்டுரைக்குக் கிடைப்பது 40 நிமிடம். வேகமாக எழுதுகிற பிள்ளை கையால் 800 முதல் 1000 சொற்கள் எழுதலாம். அதில் பாதியைப் பாடப் படைப்பு தின்றுவிடும். மீதியைப் பங்கு போட்டால் உங்கள் துணைப் படைப்புக்கு மிஞ்சுவது 200, 250 சொற்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி தானாகவே முடிந்துவிடும். 600 பக்க நாவலை 250 சொற்களில் அலச முடியாது, கதைச் சுருக்கம்தான் சொல்ல முடியும். கதைச் சுருக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. பயணம் எப்படிச் சித்திரிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கேள்வித்தாள் கேட்கிறது.

பாடப் படைப்பிலிருந்து ஒரு வாக்கியம் எடுங்கள்

துணைப் படைப்பைத் தேடப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உங்கள் பாடப் படைப்பு கற்பனைப் பயணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று, ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். ‘கற்பனை நம்மை வேறு உலகத்துக்குக் கொண்டுபோகிறது’ என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் அதற்குப் பயனும் இல்லை.

கோல்ரிட்ஜின் கவிதைகளைப் பள்ளி நடத்தியது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ‘திஸ் லைம் ட்ரீ பவர் மை பிரிசன்’ என்று ஒன்று. 1797இல் சார்லஸ் லாம் உள்ளிட்ட நண்பர்கள் கவிஞரைப் பார்க்க நெதர் ஸ்டோவி ஊருக்கு வந்திருக்கிறார்கள். மனைவி தவறுதலாகக் கொதிக்கும் பாலை அவர் காலில் கொட்டிவிட, நடக்க முடியாமல் போகிறது. எல்லோரும் மலைப்பக்கம் உலாவப் போய்விட, இவர் மட்டும் தோட்டத்து மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார். கவிதை சலிப்போடு தொடங்குகிறது: அவர்கள் போயாயிற்று, நான் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். பிறகு நண்பர்கள் போகும் வழியை மனதில் தொடர்கிறார். முதலில் ‘ஒருவேளை’ அவர்கள் இங்கே நடந்துகொண்டிருக்கலாம் என்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்த ‘ஒருவேளை’ மறைந்து, ‘இதோ இப்போது’ விரிந்த வானத்தின் கீழே வந்துவிட்டார்கள் என்று கூடவே நடப்பவர் போலப் பேசுகிறார். கடைசியில் பார்வை தன் மர நிழலுக்கே திரும்புகிறது. சற்று முன் சிறையாக இருந்த இடத்தில் இப்போது வெயில் பட்ட இலையும், அவரைப் பூவில் பாடும் வண்டும் தெரிகின்றன.

இதிலிருந்து எடுக்கும் வாக்கியம் இப்படி இருக்கலாம்: கற்பனைப் பயணத்தின் பலன் போன இடத்தில் இல்லை, திரும்பி வந்து பார்க்கும் பழைய இடத்தில் இருக்கிறது. இதை மறுக்கலாம். ‘குப்ளா கான்’ கவிதையை வைத்தே மறுக்கலாம். கனவில் கண்டதை எழுதிக்கொண்டிருந்தபோது போர்லாக்கிலிருந்து யாரோ வந்து கலைத்துவிட்டதாக அதன் முன்னுரையில் கோல்ரிட்ஜ் சொல்கிறார். அங்கே திரும்பி வந்தவருக்கு மிச்சம் ஏக்கம்தான். அதே கவிஞரிடமே இப்படி இரண்டு பதில் இருப்பது உங்கள் கட்டுரைக்கு நல்லது. துணைப் படைப்பு மூன்றாவது பதில் ஒன்றைத் தர வேண்டும். ‘அதிலும் பயணம், இதிலும் பயணம்’ என்று தலையாட்ட மட்டும் தெரிந்த படைப்பு 250 சொற்களை வீணாக்கும்.

இது கற்பனைப் பயணம்தானா?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கற்பனை உலகத்தில் நடக்கும் பயணம் வேறு, கற்பனையால் நடக்கும் பயணம் வேறு. டிராகன்கள் உலவும் நாட்டில் ஒரு வீரன் மலை ஏறி ஆறு கடந்து போகிறான் என்றால், அவன் உடலால்தான் போகிறான். அந்த நாடு எழுத்தாளர் உருவாக்கியது என்பதால் மட்டும் அது கற்பனைப் பயணம் ஆகிவிடாது. வாசகரை ஆசிரியர் அழைத்துப் போகும் பயணம் அது என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை நீங்கள் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும், தேர்வாளர் தாமாகப் புரிந்துகொள்வார் என்று விடக்கூடாது.

கையில் கிடைக்கும் படைப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். போவது யார்: பாத்திரமா, படைத்தவரா, படிப்பவரா? புறப்பட வைத்தது எது: அடைபட்ட அறையா, துக்கமா, ஆர்வமா, ஒரு புத்தகமா? திரும்பி வரும்போது எது மாறியிருக்கிறது? மூன்றில் இரண்டுக்காவது படைப்பின் வரியையோ காட்சியையோ சுட்டிக்காட்டிப் பதில் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான் லெனனின் ‘இமாஜின்’ பாட்டு இந்தத் தலைப்புக்குப் பலரும் எடுப்பது. தலைப்பிலேயே சொல் இருக்கிறதே! மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அது அழைப்பு விடுக்கிறது, ஆனால் யாரும் புறப்பட்டுப் போய்த் திரும்புவதில்லை. பாட்டு அருமைதான், இந்த வேலைக்குத்தான் ஒத்துவராது. ஆலிஸின் அற்புத உலகத்துக்குத் தடையில்லை. முழுப் புத்தகத்தையும் தூக்காமல் ஒரே அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வடிவமும் நீளமும்

பாடப் படைப்பு கவிதை என்றால் துணைப் படைப்பை ஓவியத்திலோ, திரைப்படத்திலோ, படப் புத்தகத்திலோ தேடுங்கள். பாடம் திரைப்படம் என்றால் கவிதைப் பக்கம் போங்கள். வடிவம் மாறினால் பேசும் கருவிகளும் மாறும். ஒன்றில் உருவகமும் ஓசையும் என்றால் மற்றொன்றில் கோணமும் வண்ணமும். பல வகைப் படைப்புகளில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று கேட்கும் தேர்வுக்கு இது நேரடியாக உதவும்.

நீளத்தைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: ஒரே உட்காரலில் மூன்று முறை படிக்க அல்லது பார்க்க முடிகிற படைப்பாக இருக்கட்டும். திரைப்படம் எடுத்தால் இரண்டு காட்சிகளை மட்டும் தேர்ந்து, அவற்றை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

சில ஜோடிகள், வேலை செய்து காட்டியபடி

மேலே சொன்ன கோல்ரிட்ஜ் கவிதைக்கு வான் கோவின் ‘தி ஸ்டாரி நைட்’ ஓவியத்தை எடுப்பேன். 1889 ஜூன் மாதம், செயின்ட் ரெமியில் மனநல விடுதியில் இருந்தபோது அவர் வரைந்தது. அடிப்படை, அவர் அறையின் கிழக்கு ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சி. ஆனால் ஓவியத்தில் ஜன்னலும் இல்லை, கம்பியும் இல்லை. அந்தக் கிராமமே அவர் அறையிலிருந்து தெரியக்கூடியதல்ல. நடுவே ஊசி போல நிற்கும் தேவாலயக் கோபுரம் அவருடைய சொந்த நாடான நெதர்லாந்தை நினைவுபடுத்துவது. அடைபட்ட ஒருவர் மனதால் வெளியே போகிறார் என்பது வரை கோல்ரிட்ஜும் இவரும் ஒன்று. வேறுபாடு அதற்கு அப்புறம். கோல்ரிட்ஜ் தன் தோட்டத்துக்குத் திரும்பி வந்து அமைதியாகிறார். ஓவியத்தில் திரும்பி வரும் அறையே இல்லை. வானம் சுழல்கிறது, கீழே ஊர் தூங்குகிறது, இரண்டையும் இணைக்க ஒரு சைப்ரஸ் மரம் தீ நாக்கு போல எழுகிறது. இன்னொரு செய்தியும் கையில் இருக்கட்டும். முந்தைய ஆண்டு, 1888இல், தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தராஸ்கோனுக்கோ ரூவானுக்கோ போக ரயில் ஏறுகிறோம், நட்சத்திரத்துக்குப் போக மரணத்தில் ஏறுகிறோம் என்று எழுதியிருக்கிறார். கற்பனைப் பயணம் எப்போதும் ஆறுதலில் முடியும் என்ற எண்ணத்தை அந்த ஒரு வரி கேள்வி கேட்கிறது. உங்கள் மூன்றாவது பதில் இதுதான்.

ராபர்ட் செமெக்கிஸின் ‘கான்டாக்ட்’ (1997) பாடத் திரைப்படமாக இருந்தால் கீட்ஸின் ஒரு சானட் கவிதை போதும்: சாப்மனின் ஹோமர் மொழிபெயர்ப்பை முதன்முதலாகப் படித்தது பற்றி அவர் 1816இல் எழுதியது. மொத்தம் 14 வரிகள். படத்தின் தொடக்கக் காட்சியில் கேமரா பூமியை விட்டுப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. கோள்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் தாண்டிக் கடைசியில் ஒரு சிறுமியின் கண்ணிலிருந்து வெளியே வருகிறது. பிரபஞ்சம் முழுவதும் ஒரு மனதுக்குள் என்பதைச் சொல்லாமல் சொல்லும் காட்சி. கீட்ஸிடம் அதற்கு இணையாக, புதிய கோள் ஒன்று தன் பார்வைக்குள் நீந்தி வருவதைக் காணும் வானியலாளர் இருக்கிறார். சானட்டின் முதல் எட்டு வரிகளில் பொன் நாடுகளில் திரிந்த பழைய பயணங்கள், எட்டுக்குப் பிறகு திருப்பம், கடைசி வரியில் மலை உச்சியில் மௌனம். படத்தில் விண்வெளிக்குப் போய்வரும் விஞ்ஞானி எல்லியும் தான் கண்டதைச் சொல்ல வார்த்தை இல்லாமல், ஒரு கவிஞரை அனுப்பியிருக்க வேண்டும் என்கிறாள். இந்த ஒற்றுமை தேர்வு அறையில் பொன் மாதிரி. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கீட்ஸிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. எல்லியிடம் விசாரணைக் குழு கேட்கிறது. அவள் கருவியில் பதிவானது வெறும் இரைச்சல்தான், அதுவும் 18 மணி நேர இரைச்சல். பயணம் போய்வந்ததை நிரூபிக்க வேண்டுமா என்ற கேள்வியைச் சானட் எழுப்பவே இல்லை, படம் அதையே மையமாக்குகிறது.

ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ என்றால் மாரிஸ் சென்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963). குழந்தைப் புத்தகம்தானே என்று தயங்க வேண்டாம், கட்டமைப்பில் அது மிகக் கெட்டியான படைப்பு. சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ் கற்பனையில் வளர வளர, பக்கத்தில் படமும் வளர்கிறது. வெள்ளை ஓரம் சுருங்கிச் சுருங்கி, கூத்து உச்சத்தை அடையும்போது சொல்லே இல்லாமல் படம் இரண்டு பக்கத்தையும் நிறைத்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்ற செய்தி மட்டும். நாடகத்தின் நாயகன் பிராஸ்பெரோவும் மேக்ஸும் தொலைவான இடத்தில் ஆட்சி செய்து, பிறகு அதைத் தாமே விட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள். மேக்ஸுக்கு வீடு என்பது சூடான உணவு. பிராஸ்பெரோவுக்கோ சொந்த ஊரான மிலானில் மூன்றில் ஒரு நினைப்பு கல்லறையைப் பற்றியதாக இருக்கும். நாடகத்தில் அவருடைய அடிமை கேலிபனையும் கவனியுங்கள். தீவின் இனிய ஒலிகளைக் கேட்டுக் கனவு கண்டவன், விழித்ததும் மறுபடி கனவு காண வேண்டும் என்று அழுகிறான். அடிமைக்கும் கற்பனைப் பயணம் உண்டு, அவனுக்குத் திரும்பி வருவதுதான் தண்டனை. இந்த ஒரு பத்தியை உருப்படியாக எழுதினாலே கட்டுரை தனித்துத் தெரியும்.

ஆர்சன் ஸ்காட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ படிப்பவர்கள் கற்பனை ஆயுதமாக மாறும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு என்று நம்பியது உண்மைப் போராக முடிகிற கதை அது. அதற்கு எதிரே வைக்க கிலெர்மோ டெல் டோரோவின் ‘பேன்ஸ் லேபிரிந்த்’ (2006) நன்றாக நிற்கும். 1944இன் ஸ்பெயினில் சிறுமி ஒபீலியா பார்க்கும் ஃபான் என்ற மாய உயிரை அவளுடைய மாற்றாந்தந்தையான ராணுவ கேப்டனால் பார்க்க முடிவதில்லை. கடைசிக் காட்சியில் அவன் கண் வழியே பார்க்கும்போது அவள் வெறும் காற்றோடு பேசுகிறாள்.

வீட்டில் இருப்பதை எடுக்கலாமா?

தமிழ்ப் படைப்புகளை எடுக்கலாமா என்று சிட்னியில் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பதுண்டு. எடுக்கலாம், தலைப்புக்கும் பொருந்தும். மதுரைத் தெருவில் குளிரில் நடுங்கியபடி, ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’ என்று நாரையிடம் தூது சொன்ன சத்திமுத்தப் புலவர் செய்வது கோல்ரிட்ஜ் செய்வதைத்தான். உடல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க, மனம் நாரையோடு ஊருக்குப் பறந்து, நனைந்த சுவரையும் காத்திருக்கும் மனைவியையும் பார்க்கிறது. காளிதாசரின் மேகதூதமும் அப்படித்தான், நாடுகடத்தப்பட்ட யட்சன் மேகத்துக்கு வழி சொல்லும் சாக்கில் தானே ஊர் போய்விடுகிறான்.

சிக்கல் மொழிபெயர்ப்பில். நீங்கள் ஆராய்வது ஆங்கிலச் சொற்களை. எதுகை, மோனை, ஓசை பற்றி எழுதினால் அது மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுதியதாகிவிடும். அதனால் காட்சிகளின் வரிசை, யாரிடம் பேசப்படுகிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றை மட்டும் வைத்து எழுதுங்கள். அச்சில் வந்த மொழிபெயர்ப்பாக இருக்கட்டும், அம்மா மொழிபெயர்த்துக் கொடுத்தது வேண்டாம். முன்கூட்டியே ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பத்து நிமிடச் சோதனை

தேர்ந்தெடுத்தாயிற்று என்று தோன்றியதும், படைப்பை மூடிவைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு எழுதியதில் கதை சொல்லும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இரண்டு வாக்கியம்தான் என்றால் ஒன்று படைப்பு சரியில்லை, அல்லது இன்னும் சரியாகப் படிக்கவில்லை. இன்னொரு முறை படித்துவிட்டு எழுதியும் அப்படியே இருந்தால் வேறு படைப்பு தேடுவது நல்லது. இதைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே செய்தால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

தேறிய படைப்புக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு போதும். படைத்தவர், தலைப்பு, ஆண்டு, வடிவம். மனப்பாடமாக மூன்று சிறு மேற்கோள், ஓவியம் என்றால் மூன்று துல்லியமான விவரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன உத்தி, அதனால் பயணத்தைப் பற்றி என்ன தெரிகிறது என்று ஒரு வரி. அடியில் பாடப் படைப்போடு ஒத்துப்போகும் இடம் ஒன்று, முரண்படும் இடம் இரண்டு. முரண்படும் இடங்கள்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் ‘சிறந்த ஐம்பது’ வகைப் பட்டியல்களைப் பெயர் தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். அவற்றோடு ஒட்டி வரும் தயார் ஆய்வுக் குறிப்புகளைத் திருத்துகிறவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

தேர்வு அறையில்

அந்தப் பழைய தாளையே வைத்துப் பார்த்தால், கேள்வி ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் வரும். பயணத்தின் சவால்களைக் கேட்கலாம், புதிய புரிதலைக் கேட்கலாம், பயணத்தை விட வந்து சேரும் இடம் முக்கியமா என்று கேட்கலாம். தயாரித்து வைத்த பத்தியை அப்படியே கொட்டினால் உடனே தெரிந்துவிடும். அதனால் வீட்டிலேயே ஒரே துணைப் படைப்பை மூன்று கேள்விக்கும் வளைத்து எழுதிப் பாருங்கள். வான் கோ ஓவியம் சவாலுக்கு எளிதாக வளையும், அறையே சவால்தான். புரிதல் என்றால் கடிதத்தின் ரயில் வரியிலிருந்து தொடங்குங்கள். சேரும் இடம் என்றால் ஓவியத்தில் சேருமிடமே இல்லாததைப் பேசுங்கள்.

பத்தியின் முதல் வாக்கியத்திலேயே இரண்டு படைப்புகளும் வரட்டும். ‘கோல்ரிட்ஜின் பயணம் புறப்பட்ட தோட்டத்தில் வந்து முடிகிறது, வான் கோ அந்த அறையை ஓவியத்திலிருந்தே நீக்கிவிடுகிறார்’ என்று தொடங்கினால், அடுத்து வரும் ஒவ்வொரு விவரமும் ஒப்பீடாகவே விழும். துணைப் படைப்பைக் கடைசிப் பத்திக்கு ஒதுக்கி வைக்காதீர்கள், நேரம் தீர்ந்துபோனால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். புக்லெட்டில் ஏற்கெனவே இருக்கும் படைப்பைச் சொந்தத் தேர்வாகக் கணக்குக் காட்டவும் கூடாது, அது இரண்டு இடத்தை நிரப்பாது. தலைப்புகளுக்கு அடிக்கோடு போடுங்கள், படைத்தவர் பெயரின் எழுத்துக்கூட்டலை முந்தின இரவு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துணைப் படைப்பு ஒன்றையும் அரைப் பக்கக் குறிப்போடு தயாராக வைத்திருங்கள். கேள்வி முதல் படைப்புக்குக் கொஞ்சமும் வளையவில்லை என்றால், அந்தப் பத்து நிமிட வாசிப்பு நேரத்திலேயே அதற்கு மாறிவிடலாம்.